மெஷின் வைத்திருந்தவரைத் தேடுங்கள்: தொடக்ககால ஜாஸ் கலைஞர்களின் வீட்டுப் பதிவுகளைக் கண்டெடுக்கும் முறை

ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு கடைக்கு வந்தது 1917-ஆம் ஆண்டில். அன்று முதல் நெடுந்தட்டுகள் (எல்.பி.) பரவலாகும் வரை, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைக்குத்தான் இடம் இருந்தது. நடன அரங்கில் ஒரே பாட்டைக் கால் மணி நேரம் விரித்து வாசித்த கலைஞர்கூட, ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி அதை மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். கோயில் வீதியில் இரவெல்லாம் ராகம் வாசித்த நம் நாகஸ்வர வித்வான்கள் கிராமபோன் கம்பெனிக்காக அதே ராகத்தைச் சில நிமிடங்களில் அடக்கிக் கொடுத்ததை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலும் விருந்திலும் விடுதியின் மூலையிலும் யாரோ ஒருவர் தம் ஆசைக்காகப் பிடித்து வைத்த பதிவுகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது அதனால்தான். அத்தகைய பதிவுகளைப் புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு தேடுவது எப்படி, கிடைத்தால் அவற்றை எப்படிக் கையாள்வது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

தேடத் தொடங்குபவர்கள் முதலில் கலைஞரின் பெயரைத்தான் தேடுகிறார்கள். அப்படித் தேடினால் ஏற்கெனவே வெளிவந்தவைதான் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். வெளிவராத பதிவு கலைஞரிடம் இருப்பது அரிது. அதைப் பதிவு செய்யும் கருவியை வைத்திருந்தவரிடமோ, அவருடைய வாரிசுகளிடமோதான் அது கிடக்கும். ஆகவே கலைஞரை விட்டுவிட்டு, மெஷின் வைத்திருந்தவரைத் தேட வேண்டும். இந்தத் துறையில் இதுவரை நடந்த பெரிய கண்டுபிடிப்புகளை எடுத்துப் பார்த்தால் அநேகமாக எல்லாமே இப்படித்தான் நடந்திருக்கின்றன.

வில்லியம் சேவரி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் 1935 முதல் 1940 வரை நியூயார்க்கில் வானொலி வழியாக ஒலிபரப்பான ஜாஸ் நிகழ்ச்சிகளைத் தட்டுகளில் வரி வெட்டிப் பதிந்து வைத்திருந்தார். அவரிடம் அப்படி ஒரு சேமிப்பு இருப்பது சிலருக்குத் தெரிந்திருந்தும், அவர் உயிரோடு இருந்தவரை யாரையும் அதை நெருங்க விடவில்லை. அவர் 2004-இல் மறைந்தார். இசைக்கலைஞரும் ஆய்வாளருமான லோரன் ஷோன்பெர்க் அவருடைய மகனைத் தேடிப் பிடித்த பிறகு, ஏறத்தாழ 1000 தட்டுகள் 2010-இல் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஜெரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் 1941-இல் கையில் தூக்கிச் செல்லும் தட்டு வெட்டும் கருவியோடு ஹார்லெம் விடுதிகளுக்குப் போனதால்தான், அடுத்த ஆண்டே இறந்துபோன கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வாசித்தது நமக்குக் கேட்கக் கிடைத்தது. டிம்மி ரோசன்கிராண்ட்ஸ் என்ற டென்மார்க்காரர் நாற்பதுகளின் நடுவில் தம் நியூயார்க் வீட்டுக்கு வந்த எரோல் கார்னர் முதலியோரின் வாசிப்பைப் பதிவு செய்தார். ஹாலிவுட் இசையமைப்பாளர் ரே ஹெய்ண்டார்ஃப் வீட்டு விருந்துகளில் ஆர்ட் டேட்டம் பியானோ வாசித்த பதிவுகள் பிற்காலத்தில் நெடுந்தட்டுகளாயின. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் 7 நவம்பர் 1940 இரவு டியூக் எலிங்டன் குழு வாசித்ததைப் பதிவு செய்த ஜாக் டவர்ஸும் டிக் பரிஸும் தொழில்முறைப் பதிவாளர்கள் அல்லர். ஆர்வம் மிக்க இரண்டு இளைஞர்கள்.

கலைஞரே மெஷின் வைத்திருந்த விதிவிலக்கும் உண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் 1950-இன் இறுதியில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வாங்கினார். அதன் பிறகு ஓட்டல் அறையிலும் தம் வீட்டிலும் நண்பர்களோடு பேசியது, பழைய தட்டுகளோடு சேர்ந்து டிரம்பெட் வாசித்தது என எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருந்தார். நூற்றுக்கணக்கான அந்தச் சுருள்களுக்கு எண் இட்டு, பொருளடக்கம் எழுதி, பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டியும் வைத்தார். அவை இன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள லூயி ஆம்ஸ்ட்ராங் இல்ல அருங்காட்சியகத்தில் உள்ளன. தேடுபவருக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்துவிட்டுப் போன கலைஞர் வேறொருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

வதந்திகளை நம்பும் விதத்திலும் ஒரு கவனம் தேவை. டீன் பெனடெட்டி என்ற சாக்ஸஃபோன் கலைஞர் 1947, 1948 ஆண்டுகளில் சார்லி பார்க்கரைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார் என்ற செய்தி பல ஆண்டுகள் உலவியது. எல்லோரும் அவை கம்பிச் சுருள்கள் (டேப்புக்குப் பதிலாக மெல்லிய உலோகக் கம்பியில் பதிந்தவை) என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருடைய சகோதரரிடமிருந்து கிடைத்தவையோ தட்டுகளும் காகித அடித்தள டேப்புகளும்; அவை 1990-இல் வெளியிடப்பட்டன. (பார்க்கர் தொடக்ககால ஜாஸைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் பாடம் ஒன்றுதான்.) பதிவு உண்டு என்பது உண்மையாகவும், அது எந்த வடிவத்தில் உண்டு என்பது தவறாகவும் இருக்கலாம். ஆகையால் கம்பிச் சுருளைத் தேடிப் போன வீட்டில் தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரக் கூடாது. இதற்கு நேர்மாறான கதை நியூ ஆர்லியன்ஸின் கார்னெட் கலைஞர் பட்டி போல்டனுடையது. 1900-க்கு முன்பே அவர் ஒரு மெழுகு உருளையில் வாசித்ததாக அவரோடு வாசித்த டிராம்போன் கலைஞர் வில்லி கார்னிஷ் சொன்னதை நம்பி மூன்று தலைமுறை தேடியாகிவிட்டது. அந்த உருளை இன்றுவரை அகப்படவில்லை. புதிதாகத் தேட வருபவர்கள் இதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

மேசையிலிருந்து தேடுவது

பட்டியல்களைப் படிப்பதுதான் முதல் வேலை. அது சலிப்பான வேலையும்கூட. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் தரவுத்தளத்தில், எந்தத் தட்டு எந்த நாளில் எந்த எண்ணோடு பதிவானது என்பதை இலவசமாகப் பார்க்கலாம். வெளிவந்தவை எவை என்று தெரிந்தால்தான் வெளிவராதது எது என்று தெரியும். அடுத்து, நியூவர்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனம், நியூ ஆர்லியன்ஸில் டூலேன் பல்கலைக்கழகத்தின் ஹோகன் ஆவணக் காப்பகம், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆகியவற்றின் சேகரிப்பு விவரப் பட்டியல்களைத் திறக்க வேண்டும். ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938-இல் பியானோவின் முன் அமர்ந்து ஆலன் லோமாக்ஸிடம் மணிக்கணக்கில் தம் கதையைச் சொல்லியும் வாசித்தும் காட்டிய பதிவுகள் இந்த நாடாளுமன்ற நூலகத்துக்காகவே செய்யப்பட்டவை.

பட்டியல்களில் கலைஞரின் பெயரைவிட, ‘பிரைவேட் ரெக்கார்டிங்’, ‘ஹோம் ரெக்கார்டிங்’, ‘அசிடேட்’, ‘ஏர்செக்’ (ரேடியோவிலிருந்து பிடித்தது), ‘அன்இஷ்யூட்’ (வெளிவராதது), ‘அன்ஐடென்டிஃபைட்’ (அடையாளம் தெரியாதது) ஆகிய சொற்களின் ஆங்கில வடிவங்களை இட்டுத் தேடுவது பயன் தரும். கடைசிச் சொல் முக்கியமானது. ஒரு பெட்டியில் இருப்பதை யார் வாசித்தது என்று பட்டியல் தயாரித்தவருக்கு விளங்காதபோது அவர் எழுதும் சொல் அது. பல நாட்கள் ஒரே கலைஞரைக் கேட்டுப் பழகிய காதுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. பெயரைப் பிழையாக எழுதியிருப்பதையும் எதிர்பார்த்து, ஒலிக்குப் பொருந்தும் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் முயன்று பார்க்க வேண்டும்.

ஹோகன் காப்பகத்தின் அடித்தளமே 1958-இல் தொடங்கிய நேர்காணல் திட்டம்தான். நியூ ஆர்லியன்ஸின் முதிய கலைஞர்களோடு நடத்திய அந்த நீண்ட நேர்காணல்களில், கேள்வி கேட்டவர்களில் ஒருவரான வில்லியம் ரஸ்ஸல், 1940-களிலேயே பங்க் ஜான்சன், ஜார்ஜ் லூயிஸ் போன்ற அந்த ஊர்க் கலைஞர்களைத் தம் சொந்தக் கருவியில் பதிவு செய்தவர். இத்தகைய நேர்காணல்களின் சுருக்கங்களைப் படிக்கும்போது இசையைப் பற்றிய பகுதிகளைவிட, ‘அந்தப் பல் வைத்தியர் வீட்டில் ஒரு ரெக்கார்டிங் மெஷின் இருந்தது’ என்பது போன்ற போகிற போக்கில் சொன்ன வாக்கியங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பல் வைத்தியரின் பெயரும், அவர் குடும்பம் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது என்பதும்தான் அடுத்த தேடல். காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது பெட்டி எண்ணையும் உருப்படி எண்ணையும் குறிப்பிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் பெரும்பாலும் பதில் வருகிறது. ‘உங்களிடம் உள்ள அரிய பதிவுகளைப் பற்றித் தெரிவிக்கவும்’ என்று எழுதினால் யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

நம் ஊரில் தேடுவது

புதுச்சேரிக்கும் ஜாஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1930-களில் பம்பாய் தாஜ் ஓட்டலில் லியோன் அபி, க்ரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்டு போன்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் மாதக்கணக்கில் தங்கி வாசித்தார்கள். வெதர்ஃபோர்டு பின்னர் கல்கத்தாவில் வாழ்ந்து 1945-இல் அங்கேயே காலராவில் இறந்தார். அது இந்தியாவின் ஒரு வாசல். புதுச்சேரியின் வாசல் வேறு. அது பாரிஸையும் சைகோனையும் நோக்கித் திறந்திருந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசு வேலையிலோ படையிலோ இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பிய குடும்பங்கள் இங்கே ஏராளம். சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பரணில் பிரெஞ்சு கம்பெனித் தட்டுகள் இருப்பது வியப்பான செய்தி அல்ல. அவற்றுக்கு நடுவே, அச்சிட்ட லேபிள் இல்லாமல் பேனாவால் எழுதிய ஒரு தட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபிரான்ஸில் 1930-களிலிருந்து பிரால் (Pyral) என்ற பெயரில் வெற்றுப் பதிவுத் தட்டுகள் தயாராயின. அந்தப் பெயரைத் தட்டின் நடுவிலோ உறையிலோ பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இங்கே கிடைக்கும் வீட்டுப் பதிவுகளில் பெரும்பகுதி குடும்பத்தாரின் பேச்சு, குழந்தை பாடிய பாட்டு, ரேடியோவிலிருந்து பிடித்தது ஆகியவையாகவே இருக்கும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. பாரிஸ் வானொலியிலிருந்து ஒருவர் தம் ஆசைக்காகப் பிடித்த இரண்டு நிமிடமே வேறெங்கும் மிஞ்சாத ஒன்றாக இருக்கவும் கூடும். இதே முறையில் தேடினால், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கல்யாண வீட்டு நாகஸ்வரம் பதிந்த ஸ்பூல் டேப் அகப்படுவதற்கு இன்னும் கூடுதலான வாய்ப்பு உண்டு. அதையும் எடுத்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடமும், முன்னாளில் ரேடியோ பழுதுபார்த்தவர்களிடமும் விசாரிக்கலாம். பழுதுபார்த்தவர்களுக்கு ஊரில் யார் வீட்டில் என்ன மெஷின் இருந்தது என்பது மனப்பாடமாகத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கேட்கும் விதம்தான் மிகவும் முக்கியம். ‘ஜாஸ் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் இப்படித்தான் பேச்சு தொடங்கியது:

“அம்மா, ஐயா வெளியூர்ல வேலையா இருந்தப்ப, பேசினா பதியற மெஷின் ஏதாவது வாங்கிட்டு வந்தாங்களா?”

“மெஷினா தம்பி? அது போயி எத்தனையோ காலம் ஆச்சி. அதோட வந்த தட்டுங்க மட்டும் மேல கெடக்குது. போட்டா பாட்டு ஒண்ணும் ஒழுங்கா கேக்காது.”

ஒழுங்காகக் கேட்காத தட்டு என்று யாராவது சொன்னால் அதைத்தான் நாம் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய தட்டு தேய்ந்தாலும் பாடும்; வீட்டில் வெட்டிய தட்டுதான் கிராமபோனில் போட்டால் கரகரத்துச் சிதையும். பரணில் ஏறுவதற்கு முன்பு உரிமையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டும். எதையும் அன்றே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பணம் பேசுவதை முதல் சந்திப்பில் தவிர்ப்பது நல்லது. தட்டோடு சேர்ந்து கிடக்கும் கடிதம், ரசீது, உறை, புகைப்படம் எதையும் பிரிக்கக் கூடாது. 2011 டிசம்பர் இறுதியில் இந்தக் கரையைத் தாக்கிய தானே புயலிலும், 2015 கடலூர் வெள்ளத்திலும் நனைந்த பெட்டிகளில், தட்டு பிழைத்து உறை மட்டும் கூழாகிப்போனவை உண்டு. எழுத்து போய்விட்டால் தட்டு அநாதையாகிவிடுகிறது.

கையில் எடுத்துப் பார்ப்பது

கடைத் தட்டு அரக்கினால் ஆனது; கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு போல உடையும். 1934 வாக்கிலிருந்து பழக்கத்துக்கு வந்த பதிவுத் தட்டு, அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பூசியது. சேகரிப்பாளர்கள் இதைத்தான் வழக்கத்தில் அசிடேட் என்கிறார்கள். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சின் கீழே உலோகம் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரியும். நடுத்துளையை ஒட்டி, லேபிளின் அடியில் மேலும் ஒன்று முதல் மூன்று சிறு துளைகள் இருக்கலாம். விரலால் மெல்லத் தடவினால் லேபிள் அந்த இடத்தில் குழிவது தெரியும். வெட்டும்போது தட்டு வழுக்காமலிருக்க மெஷினின் முளை நுழைந்த துளைகள் அவை. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காததால் கண்ணாடித் தகட்டின் மேல் பூசினார்கள். நடுத்துளை வழியே வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியின் பச்சை விளிம்பு தெரியும். அதை ஒரு கையால் தூக்கவே கூடாது. மலிவான வீட்டுத் தட்டுகளுக்கு அட்டையே அடித்தளம். இவற்றுக்கும் முந்தியது பூச்சே இல்லாத வெறும் அலுமினியத் தட்டு. அதை நார் ஊசியாலோ முள் ஊசியாலோதான் ஒலிக்கச் செய்வார்கள், எஃகு ஊசி பட்டால் வரியே கிழிந்துவிடும்.

தட்டின் மேல் வெள்ளைப் பொடியோ பிசுபிசுப்போ படிந்திருந்தால் அது பூஞ்சை என்று நினைத்துத் துடைப்பது வழக்கம். பூச்சில் கலந்திருக்கும் ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெளியே கசிவதால் ஏற்படும் கொழுப்பு அமிலமாகவும் அது இருக்கலாம். அப்படியானால் பூச்சு சுருங்கிக்கொண்டிருக்கிறது, விரைவில் விரிசல் விட்டு ஏடு ஏடாக உரியும் என்று பொருள். அந்தத் தட்டுக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் லேக்கரும் கரையும், அரக்கும் கரையும். ஈரத் துணியும் வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் மேல் தூசியை மட்டும் நீக்கி, புதிய காகித உறையில் இட்டு, செங்குத்தாக நிறுத்தி வைத்தால் போதும். கடற்கரை ஊரில் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான்.

டேப்பாக இருந்தால் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அது செல்லுலோஸ் அசிடேட் அடித்தளம். புளித்த காடி வாசனை வீசினால் சிதைவு தொடங்கிவிட்டது. கம்பிச் சுருள் தலைமுடி போன்று மெல்லியது. ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பி. ஆர்வக் கோளாற்றில் முனையை இழுத்துவிட்டால் அதைச் சிக்கெடுக்க மனிதரால் ஆகாது.

போட்டுக் கேட்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கிராமபோனின் தலைப்பகுதி நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு எஃகு ஊசியை வரியில் அழுத்துகிறது. மென்மையான லேக்கர் தட்டு அதை ஒருமுறைகூடத் தாங்காது. வெறும் இரண்டு முதல் ஐந்து கிராம் பாரத்தில் ஓடும் மின் பிக்கப்பும், பழைய வரிகளின் அகலத்துக்கு ஏற்ற, அதாவது நெடுந்தட்டு ஊசியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான ஊசியும் தேவை. தட்டு நல்ல நிலையில் இருந்தாலும் முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்க வேண்டும். பல வீட்டுத் தட்டுகள் உள்ளிருந்து வெளிப்புறமாக வெட்டப்பட்டவை என்பதால், ஊசியை விளிம்பில் வைப்பதற்கு முன் லேபிளில் ஏதாவது குறியிட்டிருக்கிறதா என்றும், உட்பக்கம் வெற்று வரி எங்கே தொடங்குகிறது என்றும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எண்ம வடிவாக்கத்துக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு என்பது ஆவணக் காப்பகங்களில் வழக்கமான அளவு. மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே கூடாது. சுத்தம் செய்ய ஆசையாக இருந்தால் நகலில் செய்துகொள்ளலாம். இரைச்சல் என்று நாம் நீக்குவதில்தான் பதிவைப் பற்றிய சாட்சியம் பாதி இருக்கிறது. தட்டின் இரு பக்கம், உறை, கையெழுத்து ஆகியவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து அதே கோப்புறையில் வைக்க வேண்டும்.

கேட்டு அடையாளம் காண்பது

அந்தச் சாட்சியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரத்தின் ரீங்காரம். பதிவு செய்த மெஷின் இணைந்திருந்த மின்சாரத்தின் அதிர்வு பதிவின் அடியில் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், ஃபிரான்ஸிலும் இந்தியாவிலும் 50. (தெற்கு கலிஃபோர்னியாவின் பெரும்பகுதியில் 1940-களின் பிற்பகுதி வரை 50 ஹெர்ட்ஸ் இருந்ததால், அந்த வட்டாரப் பதிவுகளில் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.) அலைக்கற்றைப் படம் காட்டும் எந்த இலவச மென்பொருளிலும் இதைப் பார்க்கலாம். ரீங்காரம் 63-இல் தெரிந்தால், 60 ஹெர்ட்ஸில் பதிந்ததை ஐந்து சதவீதம் வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். ஆனால் நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைச் சேர்க்கும் என்பதால், ஊசியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை நிமிடம் வெறுமனே பதிவு செய்து, நம்முடையது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

வேகத்தைச் சரிபார்க்கச் சுருதி இன்னொரு வழி. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் நம் கணக்கில் ஆறரைக் கட்டைக்கு அமைந்த வாத்தியங்கள். ஜாஸ் குழுக்கள் விரும்பி வாசித்தது ஆறரை, இரண்டரை, நான்கு, ஐந்தரைக் கட்டைகளில். ஒரு பதிவு ஏழு கட்டையிலோ மூன்று கட்டையிலோ நின்றால் பெரும்பாலும் தட்டின் வேகம்தான் பிசகியிருக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது கடினமே அல்ல.

அடுத்து, இது அறையில் பிடித்ததா, ரேடியோவில் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். அறையில் பிடித்ததில் நாற்காலி நகரும், கண்ணாடிக் குவளை உரசும், யாரோ இருமுவார். பாட்டின் நடுவிலிருந்து பதிவு தொடங்கும், ஏனெனில் ஊசியை இறக்குவதற்கு மெஷின்காரர் கொஞ்சம் தாமதித்திருப்பார். ரேடியோவில் பிடித்ததில் அறிவிப்பாளரின் குரலும், அலை மங்கி மீள்வதும் உண்டு. நிலையத்தின் பெயர் காதில் விழுந்தால் பழைய நாளிதழ்களின் வானொலி நிகழ்ச்சிப் பட்டியலைக் கொண்டு நாளையே கண்டுபிடித்துவிடலாம். காலத்துக்கு ஒரு கீழெல்லை எப்போதும் உண்டு: ‘பாடி அண்ட் சோல்’ 1930-இல் இயற்றப்பட்டது, ஆகவே அது ஒலிக்கும் எந்தப் பதிவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அதே பாட்டைக் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிந்த விதத்தை ஒரு டெனர் சாக்ஸஃபோன் அப்படியே பின்பற்றினால், பெரும்பாலும் அந்தத் தட்டு வெளியான பின்புதான் பதிந்திருக்கும். வெற்றுத் தட்டில் அச்சான கம்பெனி முகவரியும், பெட்டியில் உள்ள டேப் வகையும் இதே போன்ற எல்லைகளைத் தரும். உறையில் எழுதிய பெயரை மட்டும் நம்பிக் கலைஞரை முடிவு செய்யக் கூடாது; வெற்றுத் தட்டு தட்டுப்பாடாக இருந்த காலத்தில் பழைய உறையில் புதுத் தட்டை வைத்தவர்கள் அநேகம். வெளிவந்த தட்டு ஒன்றையே மெஷினில் நகல் எடுத்திருக்கவும் கூடும் என்பதால், அதே கலைஞரின் அச்சிட்ட பதிவோடு வரி வரியாக ஒப்பிட்ட பிறகே ‘புதியது’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

உரிமையும் ஒப்படைப்பும்

தட்டு யாருடையது, அதில் உள்ள ஒலி யாருடையது என்பவை இரண்டு வேறு கேள்விகள். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். வெளியிடப்படாத வீட்டுப் பதிவை இந்தக் கணக்கில் வைத்து ‘பழையதுதானே’ என்று யூடியூபில் ஏற்றிவிடக் கூடாது. மெஷின் வைத்திருந்தவரின் குடும்பத்திடம், எண்ம நகல் எடுக்கவும் ஆய்வாளருக்குக் கேட்கக் கொடுக்கவும் மட்டும் அனுமதி கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்வது போதுமானது. வெளியீட்டைப் பற்றிய பேச்சு பிறகு வரட்டும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல நகலைப் பென் டிரைவில் கொடுக்க மறக்கக் கூடாது. அவர்களுக்கு அதில் முக்கியம் டிரம்பெட்டின் பின்னால் பேசும் தாத்தாவின் குரலாக இருக்கும்.

பிறகு, பொருத்தமான காப்பகத்துக்கு லேபிள் புகைப்படங்களையும் அரை நிமிட ஒலித்துண்டையும், பதிவு கிடைத்த வரலாற்றையும் எழுதி அனுப்பலாம். அந்த வரலாற்றில் யூகத்தையும் கண்டதையும் கலக்காமல் எழுதினால் அவர்களின் நம்பிக்கை எளிதில் கிடைக்கும். அவர்கள் அசல் தட்டைக் கேட்டால், சாதாரண கூரியரில் போடாமல், அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு, தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மெத்தென்ற இடைவெளி விட்டு அடுக்கி, கண்ணாடித் தட்டாக இருந்தால் யாராவது நேரில் எடுத்துச் செல்லும் வரை இங்கேயே வைத்திருக்க வேண்டும்.